அந்த அம்மாவிடம் தமிழிலேயே கேளுங்கள்

அமெரிக்க மாநிலங்களில் நோட்டரி ஆணை பெற்றிருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக நோட்டரிகளுக்கு,

டெக்சஸ், நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, ஒஹையோ, வர்ஜீனியா என்று பல மாநிலங்களில் நீங்கள் இருக்கிறீர்கள். சிலர் வங்கி வேலையோடு இந்த ஆணையையும் வைத்திருக்கிறீர்கள். சிலருக்கு வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்குவதே தொழில். கடந்த சில ஆண்டுகளில் உங்களில் பலர், கையெழுத்திடுபவர் எதிரில் வந்து உட்காராமலே காணொளி வழியாகச் சான்றளிக்கும் அனுமதியையும் பெற்றுவிட்டீர்கள். நானும் வர்ஜீனியாவில் அந்த அனுமதியோடு பணி செய்கிறவன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தமிழ் மட்டுமே நன்றாகத் தெரிந்த ஒருவர் உங்கள் திரையில் வந்து அமர்ந்தால், தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அவரே தன் வாயால் தமிழில் சொல்லும் வரை, தன் விருப்பத்தோடுதான் அதைச் செய்கிறார் என்று உங்கள் மனம் தெளியும் வரை, முத்திரையை வைக்காதீர்கள். அதற்கு நேரமாகும். கூட இருக்கும் பிள்ளைகளுக்குச் சங்கடமாகவும் இருக்கும். ஆனால் அந்தத் தெளிவு இல்லாமல் வைக்கும் முத்திரைக்கு எந்த மாநிலச் சட்டமும் உயிர் கொடுக்க முடியாது.

இந்த மடலை நோட்டரி அல்லாத நம் குடும்பத்தாரும் படிக்க வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

அமெரிக்காவில் நோட்டரி பெரும்பாலும் வழக்கறிஞர் அல்ல. பத்திரத்தின் விலை நியாயமா, நிபந்தனை நல்லதா என்று சொல்வது நம் வேலை இல்லை. நாம் பார்ப்பது மூன்று. வந்திருப்பவர் இன்னார்தானா? என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறாரா? யாருடைய கட்டாயமும் இல்லாமல் செய்கிறாரா? இந்த மூன்றையும் பார்ப்பதற்காகவே, கையெழுத்திடுபவர் நோட்டரியின் முன் நேரில் தோன்ற வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தன.

அந்த விதி மீறப்பட்டால் என்ன நேரும் என்பதை இந்த நாடு 2010இல் கண்டது. வீடுகளை ஜப்தி செய்ய நீதிமன்றங்களில் தாக்கலான உறுதிமொழிப் பத்திரங்களில், கடன் நிறுவன ஊழியர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவரைக் காணாமலே நோட்டரிகள் முத்திரை வைத்திருந்தார்கள். அதே ஆண்டு, ஒரு மாநில நோட்டரியின் சான்றை மற்ற மாநில நீதிமன்றங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா காங்கிரசின் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபர் ஒபாமாவின் மேசைக்கு வந்தது. மின்னணுச் சான்றுகளும் அதில் அடங்கும். வீட்டுக் கடன் மோசடிகள் வெளிவந்துகொண்டிருந்த நேரத்தில் அதன் விளைவுகளை ஆராய வேண்டியிருக்கிறது என்று சொல்லி, அக்டோபர் மாதம் அவர் கையெழுத்திட மறுத்தார். 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய கடன் நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் சுமார் 2,500 கோடி டாலர் மதிப்பில் சமரசம் செய்துகொண்டன.

இந்தக் கதையில் திரையே கிடையாது. எல்லாம் காகிதமும் மையும்தான். காணொளிச் சான்றைக் கண்டு அஞ்சுகிறவர்களிடம் இதை நான் எப்போதும் சொல்வதுண்டு: நேரில் வந்தால் மட்டும் உண்மை நிலைத்துவிடுவதில்லை. பார்க்க வேண்டியவர் பார்க்க வேண்டும்.

அந்தக் கொந்தளிப்பு அடங்கும் முன்பே, 2011இல் வர்ஜீனியா துணிந்து ஒரு சட்டம் இயற்றியது. 2012 ஜூலை 1 முதல் இம்மாநில நோட்டரிகள் காணொளி வழியாகச் சான்றளிக்கலாம் என்றானது. நாட்டிலேயே முதல் சட்டம் அது. 2015இல் மொன்டானா சில வரம்புகளோடு பின்தொடர்ந்தது. 2017இல் டெக்சஸும் நெவாடாவும் சட்டம் இயற்றி, 2018 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டங்களை எழுதித் தரும் சீர்சட்ட ஆணையம், நோட்டரிகளுக்கான தன் மாதிரிச் சட்டத்தில் 2018இல் இதற்கும் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஃபுளோரிடாவில் 2020 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

பிறகு பெருந்தொற்று வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவர் பவர் எழுத வேண்டும். முதியோர் இல்லத்துக்குள் எவரும் போக முடியாது. 2020 மார்ச் 19 அன்று நியூயார்க் ஆளுநர் அவசர ஆணை ஒன்றில் காணொளிச் சான்றுக்கு இடம் கொடுத்தார். பல மாநில ஆளுநர்களும் அப்படியே செய்தார்கள். அவசர ஆணைகள் முடிந்த பிறகு அவற்றில் பல நிலையான சட்டங்களாயின. நியூயார்க்கின் நிலையான சட்டம் 2023 ஜனவரி 31இல் அமலுக்கு வந்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்குச் சட்டம் உண்டு. நம்மவர் மிகுதியாக வாழும் கலிஃபோர்னியா தாமதமாக வந்தது. 2023 செப்டம்பரில் சட்டம் கையெழுத்தானது. ஆனால் அம்மாநில நோட்டரிகள் இந்தப் பணியைச் செய்வதற்கான பகுதி, அரசின் கணினி ஏற்பாடுகள் முன்னதாக முடிந்தாலன்றி, 2030 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வரும்.

அதுவரை கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? வர்ஜீனியாவிலோ டெக்சஸிலோ இருக்கும் நம்மிடம் வருகிறார்கள். இந்தச் சட்டங்களின் அடிப்படை அப்படி: நோட்டரி தனக்கு ஆணை தந்த மாநிலத்தின் எல்லைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், கையெழுத்திடுபவர் வேறெங்கும் இருக்கலாம். சான் ஹோசேயில் இருக்கும் ஒருவரின் பத்திரம் இப்படித்தான் வர்ஜீனியாச் சட்டத்தின் பொறுப்பில் வந்து சேர்கிறது. அந்தப் பொறுப்பைச் சுமப்பவர் நீங்களும் நானும்.

கையெழுத்திடுபவர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும் பல மாநிலங்கள் தடுப்பதில்லை. மாதிரிச் சட்டம் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. ஆவணம் அமெரிக்க நீதிமன்றம் அல்லது அரசு அமைப்பு சார்ந்ததாகவோ, அமெரிக்காவில் உள்ள சொத்து சார்ந்ததாகவோ, அமெரிக்காவோடு கணிசமான தொடர்பு உள்ளதாகவோ இருக்க வேண்டும். அவர் இருக்கும் நாட்டுச் சட்டம் அந்தச் செயலைத் தடை செய்திருப்பதாக நோட்டரிக்குத் தெரிந்திருக்கக் கூடாது. டாலஸில் உள்ள வீட்டை விற்கும் நேரத்தில் மனைவி சென்னையில் இருந்தால், முன்பெல்லாம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, ஒரு முத்திரைக்கு 50 டாலர் கட்டி, காத்திருந்து வர வேண்டும். இன்று வீட்டிலிருந்தே முடிகிறது. படுக்கையில் இருப்பவருக்கும் கார் ஓட்ட முடியாத முதியவருக்கும் இது பெரிய விடுதலை. அந்த விடுதலையை நான் மனமார வரவேற்கிறேன். அது பறிபோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

சட்டங்கள் நமக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்புகள் சிறியவை அல்ல. அடையாள அட்டையை மென்பொருள் சோதிக்கிறது. முழு அமர்வும் ஒலி, ஒளியோடு பதிவாகிறது. அந்தப் பதிவை வர்ஜீனியாவில் குறைந்தது 5 ஆண்டுகள், ஃபுளோரிடாவில் 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆவணத்தில் பிறகு யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் தெரிந்துவிடும்படி டிஜிட்டல் கையெழுத்து பூட்டி வைக்கிறது. கலிஃபோர்னியாவின் காகித முறையில், வீட்டுப் பத்திரத்துக்கும் பவருக்கும் நோட்டரியின் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. திரையில் ரேகை இல்லை. ஆனால் முகமும் குரலும் பேச்சும் பல ஆண்டுகளுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

இத்தனையும் இருந்தும் நம் மக்கள் விஷயத்தில் இரண்டு இடங்களில் இந்தப் பாதுகாப்பு நழுவுகிறது. இரண்டையும் நம்மைப் போன்றவர்களால்தான் சரிசெய்ய முடியும்.

முதலாவது, அடையாளக் கேள்விகள். பல மாநில விதிகளில், கையெழுத்திடுபவரைப் பற்றிய பொது ஆவணங்களிலிருந்தும் கடன் வரலாற்றிலிருந்தும் எடுத்த ஐந்து கேள்விகளைக் கணினி கேட்கும். இரண்டு நிமிடத்துக்குள் நான்குக்காவது சரியாகப் பதில் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள், எந்த ஆண்டில் கார் கடன் வாங்கினீர்கள் என்ற மாதிரியான கேள்விகள். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இது எளிது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே கிடையாது. கணவரின் வேலையைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்து, வேலை அனுமதி பெறாத மனைவிக்கும் கிடையாது. அவர்கள் பெயரில் கடன் இல்லை, கிரெடிட் அட்டை இல்லை. கணினிக்கு அவர்கள் இல்லாதவர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. மகன் வீட்டிலேயே பல ஆண்டுகள் வாழும், கிரீன் கார்டு பெற்ற ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் திறந்தவன் மகன். அவர் பெயரில் கடன் இருந்தால் அதை வாங்கியவனும் அவனே. கேள்விகளுக்கு விடை அம்மாவைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். கணவன் மனைவிக்குள்ளும் அப்படியே. இந்தக் கேள்விகள் அந்நியன் வராமல் தடுக்கும். வீட்டுக்குள் இருப்பவரைத் தடுக்காது. நம் சமூகத்தில் சொத்து கைமாறும்போது நெருக்குதல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டத்தில் வேறு வழிகள் இல்லாமல் இல்லை. நோட்டரிக்கு நேரடியாக நன்கு தெரிந்தவர் என்றால் அதுவே போதும் என்று மாதிரிச் சட்டம் சொல்கிறது. நம்பத்தகுந்த சாட்சி ஒருவர் உறுதிமொழி சொல்லி அடையாளம் காட்டலாம் என்றும் சொல்கிறது. இவற்றைப் பயன்படுத்தும் முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் காணொளித் தளம் கேள்வி வழியை மட்டுமே வைத்திருந்தால், அந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிடாமல், நேரில் சான்றளிக்கும் நோட்டரி ஒருவரைக் காட்டுங்கள். "அம்மாவுக்கு நான் பக்கத்தில் இருந்து பதில் சொல்லித் தரட்டுமா?" என்று யாராவது கேட்டால், அமர்வை அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது, மொழி. இதற்குத்தான் இந்த மடலின் பெரும்பகுதி.

நாம் எல்லோருமே பார்த்திருக்கும் ஒரு நிலைமையைச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். நோட்டரி ஆங்கிலத்தில், "இதை உங்கள் விருப்பத்தோடு செய்கிறீர்களா?" என்று கேட்கிறார். பக்கத்திலிருந்து ஒரு குரல், "எஸ் சொல்லும்மா" என்கிறது. அம்மா புன்னகையோடு "எஸ்" என்கிறார். அமர்வு முடிந்தது. வீட்டில் தனக்கிருந்த பாதிப் பங்கை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். அது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்படப் போகும் பதிவில் இருப்பது அந்த ஒரு "எஸ்" மட்டும்தான்.

இதை மாநிலங்கள் உணராமல் இல்லை. ஆங்கிலம் புரியாதவரின் கையெழுத்துக்கு, ஆவணத்தின் தன்மையும் விளைவும் அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டாலன்றிச் சான்றளிக்கக் கூடாது என்று ஃபுளோரிடாச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கலிஃபோர்னியா அரசு நோட்டரிகளுக்கு வெளியிடும் கையேடு, வந்தவரோடு நேராகப் பேச முடியாவிட்டால் அவர் மொழி பேசும் நோட்டரியிடம் அனுப்பிவிடும்படி அறிவுறுத்துகிறது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவதை அது ஏற்பதில்லை. காரணம் எளிது. அந்த மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். அவர் சொன்னது என்ன, விட்டது என்ன என்று நோட்டரிக்குத் தெரிய வழியில்லை.

தமிழ் பேசும் நோட்டரி இந்த நாட்டுக்கு ஏன் தேவை என்பது இங்கேதான் விளங்குகிறது. நமக்கு நடுவில் ஆள் தேவையில்லை. அந்த அம்மாவின் தயக்கம் நமக்குக் கேட்கும். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னால், அது சம்மதம் ஆகாது என்று நமக்குத் தெரியும். "எதுக்குங்க, எல்லாம் பிள்ளைங்களுக்குத்தானே" என்ற பேச்சில் நிறைவு இருக்கிறதா, சலிப்பு இருக்கிறதா என்று நம்மால் பிரித்தறிய முடியும். எந்த மென்பொருளும் இதைச் சோதிக்காது. நீங்களும் ஆங்கிலத்திலேயே கேட்டு, "எஸ்" வாங்கிக்கொண்டு முடித்துவிட்டால், நீங்கள் அங்கே இருந்ததன் பயன் என்ன?

எப்படிக் கேட்பது என்பதற்கு ஃபுளோரிடாச் சட்டத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. உயில், பவர் போன்ற ஆவணங்களில் சாட்சிகளும் காணொளி வழியே வருவதானால், நோட்டரி சில கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். முடிவெடுக்கும் திறனைக் குறைக்கும் மருந்தோ மதுவோ இன்று எடுத்திருக்கிறீர்களா? அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதபடி உடலிலோ மனத்திலோ குறை உண்டா? தினசரிப் பராமரிப்புக்கு உதவி தேவைப்படுகிறதா? இவற்றில் எதற்காவது "ஆம்" என்றால், சாட்சிகள் கையெழுத்திடுபவரோடு நேரில் இருந்தாக வேண்டும். மேலும் கேட்கச் சொல்கிறது: திருமணமானவரா? இந்தக் காணொளி அமர்வுக்கும் ஆவணம் தயாரிக்கவும் உங்களுக்கு உதவியவர்கள் யார் யார்? எங்கே இருக்கிறீர்கள்? அந்த அறையில் உங்களோடு இருப்பவர்கள் பெயர் என்ன?

இந்தக் கேள்விகளை எழுதியவர்கள் முதுமையையும் குடும்பத்தையும் அறிந்தவர்கள். உங்கள் மாநிலம் இவற்றைக் கட்டாயமாக்கியிருக்காது. கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. எனவே உங்களை வேண்டிக்கொள்கிறேன்: எந்த மாநிலத்தில் இருந்தாலும் இவற்றைத் தமிழில் கேளுங்கள். "அம்மா, இது என்ன காகிதம்னு உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க." "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்ன மாறும்?" "பக்கத்துல யார் இருக்காங்க?" "வேண்டாம்னு தோணினா சொல்லிடலாம், தெரியும்தானே?" கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மகனை வெளியே போகச் சொல்வது நம் வழக்கத்தில் மரியாதைக் குறைவாகத் தோன்றும். அதனால்தான் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் எல்லாக் குடும்பத்திலும் அப்படியே செய்ய வேண்டும். "எல்லாரிடமும் இப்படித்தான் தம்பி, ரெண்டு நிமிஷம் வெளியே இருங்க" என்று நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால், யாரும் மனம் நோக மாட்டார்கள். ஆவணத்தில் சேரும் சான்றுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். பேச்சு இருவருக்கும் நேராகப் புரியும் மொழியில் இருக்கட்டும். பதிவும் அந்தத் தமிழ்ப் பேச்சோடு பத்திரமாக இருக்கட்டும். நாளை வழக்கென்று வந்தால் அந்த அம்மாவைக் காப்பது அதுதான். நல்லெண்ணத்தோடு செய்த மகனைக் காப்பதும் அதுவேதான்.

முதியவர்களோடு இன்னொரு தரப்பையும் நினைவில் வையுங்கள். கணவரின் வேலையைச் சார்ந்த விசாவில் வாழும் இளம் பெண்கள். வீட்டுப் பத்திரத்திலிருந்து பெயரை நீக்கும் ஆவணம், பிள்ளையை வெளிநாடு அழைத்துச் செல்லச் சம்மதக் கடிதம் போன்றவை அவர்கள் முன் வருகின்றன. இங்கே தங்குவதே கணவரின் கையில் இருக்கிறது என்று நினைக்கும் ஒரு பெண், அவர் அருகில் அமர்ந்திருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்வாரா? அவரிடமும் தனியாகக் கேளுங்கள். சம்மதம் தெளிவாக இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். கையெழுத்திடுபவருக்கு அதற்கான மனத்திறன் இருப்பதாகவோ, அவர் அறிந்தும் விரும்பியும் கையெழுத்திடுவதாகவோ நோட்டரிக்கு நிறைவு ஏற்படாவிட்டால் மறுக்கலாம் என்று மாதிரிச் சட்டமே சொல்லியிருக்கிறது. மறுப்பது நம் பணியின் ஒரு பகுதி.

உங்களில் சிலர் எனக்குச் சொல்லப்போகும் பதில் தெரியும். வர்ஜீனியா, ஃபுளோரிடா ஆகிய மாநிலங்களில் ஒரு காணொளிச் சான்றுக்கு நாம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 25 டாலர். நியூயார்க்கிலும் அவ்வளவே. அதில் தளத்துக்கு ஒரு பங்கு போகும். அடுத்த அமர்வு காத்திருக்கும். இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகுமா? நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் இருபது நிமிடம் வேண்டாம். வங்கி முகவரி மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் போதும். சொத்து கைமாறும் பத்திரம், பவர், உயில், குழந்தை தொடர்பான சம்மதம் ஆகிய நான்குக்கும் நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தைத் தர முடியாத தளத்தில் இந்த நான்கையும் எடுக்காதீர்கள்.

தெரிந்தவர்களுக்கே நாம் அதிகம் சான்றளிக்கிறோம் என்பதால் உறவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுளோரிடாவில் நோட்டரி தன் கணவன், மனைவி, மகன், மகள், தாய், தந்தை ஆகியோரின் கையெழுத்துக்குச் சான்றளிக்கவே கூடாது. பிற மாநிலங்களில் விதி வேறுபடும். ஆவணத்தால் நமக்கு நேரடி ஆதாயம் இருந்தால் விலக வேண்டும் என்பது பரவலான விதி. நம் வீட்டு ஆவணத்துக்கு வேறொரு நோட்டரியை நாடுவதே நமக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

அடுத்து, தமிழ்நாட்டுக்குப் போகும் ஆவணங்கள். நம்மிடம் மிகுதியாக வருபவை இவையே. ஊரில் உள்ள மனையை விற்கத் தம்பிக்கு ஒரு பவர், பூர்வீக வீட்டில் பங்கை விட்டுக்கொடுக்க ஒரு பத்திரம். "வீடியோவிலேயே முடிச்சுடலாமா?" என்று கேட்பார்கள். இதில் அவசரப்பட்டு "முடியும்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோதே, மின்னணு வடிவம் செல்லாத ஆவணங்கள் என்று ஒரு பட்டியலை வைத்தது. பவரும் உயிலும் அதில் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் அந்தப் பட்டியல் திருத்தப்பட்டு, ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குத் தரும் பவருக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அண்ணன் தம்பிக்குத் தரும் பவர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவர் தரும் பவர் ஒரு நோட்டரியின் முன்போ, நீதிமன்றத்தின் முன்போ, இந்தியத் தூதரக அதிகாரியின் முன்போ எழுதிக் கொடுக்கப்பட்டு உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. திரையில் தோன்றியவர் "முன்பு" எழுதிக் கொடுத்தவர் ஆவாரா என்ற கேள்வியைச் சார்பதிவாளர் அலுவலகத்தின் மேசையில் போய் எழுப்பும்படி விட்டுவிடக் கூடாது.

ஆகவே ஊர்ச் சொத்துக்கான பவர் என்றால், காகிதத்தில், மையில், நேரில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பிறகு நோட்டரிக்கு ஆணை தந்த மாநிலத்தின் உரிய அலுவலகத்தில் அப்போஸ்டில், அதாவது ஓர் உடன்படிக்கையின்படி அதில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் சான்று, வாங்கலாம். அமெரிக்கா 1981லிருந்தும் இந்தியா 2005லிருந்தும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இந்திய முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்பதையும் அவர்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். நாம் வழக்கறிஞர் இல்லை. பத்திரத்தை எழுதித் தரவோ, எது செல்லும் என்று தீர்ப்புச் சொல்லவோ நமக்கு உரிமை இல்லை. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு முத்திரை வைக்கும் முன், "ஊரில் ஏற்பார்களா என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் கடமை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர் தரும் உறுதிமொழிப் பத்திரத்துக்கும் அதே வார்த்தைதான்: வாங்கப்போகும் அலுவலகம் எதை ஏற்கும் என்று முதலில் கேட்கட்டும்.

கடைசியாக, சட்டத்தை மாற்றுவதிலும் நமக்குப் பங்கு உண்டு. நாடு முழுமைக்கும் குறைந்தபட்சத் தரம் வகுத்து, ஒரு மாநிலத்தின் காணொளிச் சான்றை எல்லா மாநிலங்களும் ஏற்கச் செய்யும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2022 ஜூலையிலும் 2023 பிப்ரவரியிலும் நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட்டில் அது நிறைவேறவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். மூன்றை வற்புறுத்துங்கள். கடன் வரலாறு இல்லாதவர்கள் தம்மை நிறுவ நம்பகமான மாற்று வழியை ஒவ்வொரு தளமும் தர வேண்டும். பவருக்கும் சொத்துப் பத்திரத்துக்கும் ஃபுளோரிடாவின் கேள்விகள் எல்லா மாநிலத்திலும் கட்டாயமாக வேண்டும். கையெழுத்திடுபவர் கேட்டால் அவர் மொழி பேசும் நோட்டரியைத் தளம் ஏற்பாடு செய்ய வேண்டும். குடியேறியவர்களின் பிள்ளைகளாகிய நாம் எழுதாவிட்டால், நம் பெற்றோரின் நிலைமை சட்டம் எழுதுகிறவர்களின் கண்ணில் படாது.

இன்னும் ஆணை பெறாத தமிழர்கள் இதைப் படித்தால், அவர்களையும் அழைக்கிறேன். விண்ணப்பம் பெரிய காரியம் அல்ல. வர்ஜீனியாவில் ஆணை நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும். உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இருவராவது நோட்டரியாக இருந்தால், அந்த ஊரில் எந்த முதியவரும் புரியாத மொழியில் "எஸ்" சொல்ல வேண்டியிராது.

ஏற்கெனவே ஆணை பெற்ற உங்களிடம் நான் கேட்டதை மறுபடியும் கேட்கிறேன். அடுத்த பவரோ பத்திரமோ உங்கள் திரைக்கு வரும்போது, கையெழுத்திடுபவர் தமிழர் என்றால் தமிழில் தொடங்குங்கள். தனியாகக் கேளுங்கள். அவர் சொல்வது பதிவாகட்டும். தெளிவு வந்தால் முத்திரை வையுங்கள். வராவிட்டால் அன்போடு மறுத்து, ஏன் மறுத்தீர்கள் என்று உங்கள் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
வர்ஜீனியாவிலிருந்து உங்கள் சக நோட்டரி